எதிர் வரிசைக்குப் போன சட்டைகள்

அந்தத் தையல் ஆலையில் அவளுக்கு மைக்செட் என்று பெயர். வேலை தொடங்குமுன் பெண்கள் கூடிச் செய்யும் பிரார்த்தனையில் அவள் குரல்தான் கூரையைத் தூக்கும். “கடவுள் வாக்குக் கொடுத்தா கொடுத்ததுதான். எத்தனை பேர் எதிர்த்து நின்னாலும் நம்ம கையை விடமாட்டாரு” என்று அவள் சொன்னால் கேட்கிறவர்களுக்கு முதுகு நிமிரும். சும்மா சொல்லக்கூடாது, மனதார நம்பித்தான் சொன்னாள்.

அவளுக்குச் சட்டைக்குக் காலர் வைக்கிற வேலை. வைத்து முடித்ததைப் பக்கத்து மிஷினுக்குத் தள்ளுவாள். அங்கே சட்டைக்குக் கை வைத்துத் தைப்பவள் அவளுடைய ஓரகத்தி, கொழுந்தன் மனைவி. வாய்விட்டுப் பிரார்த்தனை செய்யத் தெரியாத பெண். மூத்தவள் சொல்வதற்கெல்லாம் கண்ணை மூடித் தலையாட்டுவாள்.

ஒருநாள் இஸ்திரி போடும் பக்கம் புகை கிளம்பியது. பின்கதவில் பூட்டு. அத்தனை பேரும் முன்கதவில் முட்டி மோதியதில் பொத்தான் வைக்கிறவளுக்குத் தோள்பட்டை நழுவிவிட்டது. உயிர்ச்சேதம் இல்லை என்பதால் எல்லாரும் சீக்கிரமே மறந்துபோனார்கள். ஓரகத்தி மறக்கவில்லை. சூப்பர்வைசரிடம் போய் நின்றாள்.

“வேலை நேரத்துல பின்கதவைப் பூட்டாதீங்க சார்.”

“ஏன், துணி திருட வசதியாவா? திறந்தா தினமும் எல்லாரையும் தடவிப் பாத்துதான் வெளியே விடுவேன். சம்மதமா?”

அவ்வளவுதான், மொத்தக் கூட்டமும் அவள்மேல் பாய்ந்தது. “உனக்கு எதுக்குடி ஊர் வம்பு?” என்றார்கள்.

வீட்டுக்கு நடக்கும்போது ஓரகத்தி மைக்செட்டிடம் கேட்டாள்: “அக்கா, நாளைக்கு நீங்களும் எழுந்து ஒரு வார்த்தை சொல்லுங்க. கடவுள் கைவிடமாட்டாருன்னு நீங்கதானே சொல்வீங்க?”

“சொன்னேன்தான், யாரு இல்லேன்னா? காலையில பாத்துக்கலாம் வா.”

காலையில் சூப்பர்வைசர் மைக்செட்டின் மிஷின் அருகே வந்து நின்றான். “இனிமே உன் சட்டையெல்லாம் எதிர் வரிசைக்குப் போகணும். இவளுக்கு ஒண்ணும் தராதே.”

மைக்செட் பேசத்தான் வாயைத் திறந்தாள். கால்கள் நடுங்கின. நடுக்கம் நின்றதும் எழுந்துவிடலாம் என்று நினைத்தாள். அது நின்றபாடில்லை. கைமட்டும் சட்டைகளை எதிர்ப்பக்கம் தள்ளத் தொடங்கிவிட்டது.

ஓரகத்தி வெறும் மிஷின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். எண்ணெய் விட்டாள், துடைத்தாள், மறுபடியும் துடைத்தாள். “என்னடி, மிஷினுக்குக் காவலா?” என்று யாரோ சொல்ல, வரிசையே சிரித்தது. அவள் அழவில்லை. பிரார்த்தனையில் மூடுவதுபோலக் கண்ணை மூடித் திறந்தாள். அதைப் பார்க்காமலிருக்க மைக்செட் காலரையே பார்த்துத் தைத்தாள்.

அந்த வாரக் கடைசியில், வேலையே செய்யவில்லை என்று காரணம் சொல்லி ஓரகத்தியை நிறுத்திவிட்டார்கள். “வரேன்க்கா” என்றுமட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

அடுத்த திங்கட்கிழமை, பிரார்த்தனை முடிந்ததும் மைக்செட் உட்காரவில்லை. “பின்கதவைத் திறங்க சார்” என்றாள். குரல் பாதியில் உடைந்தது. அன்றும் கால் நடுங்கத்தான் செய்தது, ஆனாலும் விழவில்லை. நடுங்கிக்கொண்டே நிற்கலாம், தாங்கிக்கொள்ள மேலே ஒருவர் இருக்கிறார் என்பது அவளுக்கு அப்போதுதான் விளங்கியது. பாவி மகளுக்கு ஒரு வாரம் முன்னால் விளங்கியிருக்கக்கூடாதா! தோள்பட்டைக்காரி எழுந்தாள். இன்னும் இருவர் எழுந்தார்கள். பிறகு எழுந்தவர்களைவிட உட்கார்ந்திருந்தவர்கள் குறைவு.

கதவு திறந்தது. ஓரகத்தியைமட்டும் திரும்பச் சேர்க்கவில்லை. மைக்செட் கெஞ்சியும் பார்த்தாள், சண்டையும் போட்டாள். நடக்கவில்லை.

சாயங்காலம் கொழுந்தன் வீட்டுக்குப் போனாள். ஓரகத்தி கொடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள்.

“திறந்துட்டாங்கடி. நாங்க எல்லாரும் எழுந்து நின்னோம்.”

“கேள்விப்பட்டேன்க்கா. சந்தோஷம்.” ஈரத்துணியை உதறினாள். “அன்னிக்கு நீங்க எழுந்திருக்கக்கூட வேணாம். ஒரே ஒரு சட்டையை என் பக்கம் தள்ளியிருந்தீங்கன்னா போதும்.”

மூத்தவள் வாளியிலிருந்து அடுத்த துணியை எடுத்துப் பிழிந்து நீட்டினாள். ஓரகத்தி சற்று நேரம் அதைப் பார்த்துவிட்டு வாங்கிக்கொண்டாள்.