அம்மாவுக்கு நான் சொன்ன பெரட்டு

என் வாழ்க்கையில் நான் முதன்முதலாகப் பாடம் நடத்தியது என் அம்மாவுக்கு. அதில் ஒரு பதிலைத் தப்பாகச் சொல்லிவிட்டேன். அம்மா செத்தது அதனால்தான் என்று எந்த டொக்டரும் எழுதித் தரமாட்டார். எனக்குத் தெரியும், அவ்வளவுதான்.

தொண்ணூறுகளின் கடைசி அது. நான் கேம்பஸில் இரண்டாம் வருடம். தலவாக்கலைக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டத்திலிருந்து கேம்பஸுக்குப் போன முதல் பெண்பிள்ளை என்பதால் தலைக்கனம் கொஞ்சம் கூடுதலாகவே இருந்தது. லீவுக்கு வந்திருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, தோட்டத்து வரிசை வீடான லயத்தில், எங்கள் ஒற்றைக் காம்பராவில் அடுப்புக்குப் பக்கத்தில் கொப்பியை விரித்து வைத்திருந்தேன். வெளியே ஒரு வாரமாக விடாத மழை. அம்மா காலில் அட்டை கடித்த இடங்களுக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள்.

"அப்படி என்னாதான் படிக்கிற புள்ள? எனக்கும் சொல்லேன்."

"நம்ம பெரட்டு மாதிரிதாம்மா," என்று ஆரம்பித்தேன். விடிந்ததும் பெரட்டுக் களத்தில் நின்று, பேர் பதிந்து, எந்த மலையில் கொழுந்து பறிப்பது என்று கேட்டுக்கொண்டு போவது அம்மாவின் அன்றாடம். பிந்திப் போனால் பேர் இல்லை, அன்றைய சம்பளமும் இல்லை, திரும்பி நடக்க வேண்டியதுதான்.

ஒரு செல் இரண்டாகப் பிரிவதற்கு முன்னால், உள்ளே இருக்கும் டிஎன்ஏ என்ற நீள நூலை அப்படியே படியெடுக்க வேண்டும். எங்கெங்கே தொடங்குவது என்று நூலில் ஆயிரக்கணக்கான இடங்கள். அந்த இடங்களில் ஒரு புரதக் கூட்டம் முன்கூட்டியே வந்து உட்கார்ந்திருக்கும். அதுதான் பேர் பதிகிற கணக்கப்பிள்ளை. அதற்கு இரண்டு எடுபிடிகள். எல்லோருமாகச் சேர்ந்து, நூலைப் பிரிக்கிற வளையங்களைக் கொண்டுவந்து நூலில் மாட்டுவார்கள். மாட்டியாயிற்று என்றால் பேர் பதிந்தாயிற்று. வேலை தொடங்கிய பிறகு எடுபிடிகளை அப்புறப்படுத்திவிடுவார்கள், புதிதாக எதையும் மாட்ட முடியாது. செல் இரண்டாகி அடுத்த பெரட்டு வரும்வரை ஒரு இடத்துக்கு ஒரு தடவைதான்.

அம்மா சிரித்துவிட்டாள். "அங்கயும் பிந்திப் போனா பேரு இல்லயா?" கொஞ்சம் யோசித்துவிட்டு, "கணக்கப்புள்ள ஒரே பேர ரெண்டு தரம் பதிஞ்சிட்டா?" என்று கேட்டாள்.

எங்கள் வகுப்பில் யாருக்கும் தோன்றாத கேள்வி. எனக்குப் பெருமை பிடிபடவில்லை. படியெடுத்ததையே மறுபடி படியெடுக்கும், நூல் அறுந்து குழம்பும், கடைசியில் புற்றுநோய் வரைக்கும் கொண்டுபோய் விடலாம் என்று அளந்தேன்.

அம்மா எண்ணெய்க் கையைத் துடைத்துக்கொண்டாள். "அது வந்தா வெளிய தெரியுமா?"

"தெரியாதும்மா. எல்லாம் உள்ளுக்குள்ளயேதான். ஒரு அடையாளமும் இருக்காது."

நான் சொன்னது செல்லுக்குள் நடக்கும் முதல் பிசகை. அவள் கேட்டது நோயை. ஏன் கேட்கிறாள் என்று தலையை நிமிர்த்திப் பார்த்திருந்தாலே போதும். "அப்ப சரி" என்று பெருமூச்சு விட்டு ரொட்டிக்கு மாவு பிசையப் போனாள். என் மேதாவித்தனத்துக்குக் கிடைத்த மரியாதை என்று நினைத்துக்கொண்டேன்.

எட்டு மாதம் கழித்துக் கொழுந்து மலையில் மயங்கி விழுந்தாள். கண்டி ஆஸ்பத்திரி வார்டில், எத்தனை நாளாக இரத்தம் போகிறது என்று டொக்டர் சிங்களத்தில் கேட்டார். ஒரு வருடத்துக்கு மேலே என்று அம்மா தன் சிங்களத்தில் சொன்னாள். மாதவிலக்கு நின்று நாலு வருடம் ஆகியிருந்தது. விடியும் முன்னே பீலிக் குழாய்த் தண்ணீரில் தனியாகத் துணி அலசியிருக்கிறாள், லயத்தில் ஒருவருக்கும் தெரியாமல். டொக்டர் என்னை வெளியே கூப்பிட்டு, கர்ப்பப்பை வாயில் புற்றுநோய், முற்றிவிட்டது என்றார். நான் என்ன படிக்கிறேன் என்றும் கேட்டார். சொல்ல வெட்கமாக இருந்தது.

அம்மாவிடம் நோயின் பெயரைச் சொல்லவில்லை. வந்து பார்த்தவர்களிடமெல்லாம் தோட்டத்தைத் திட்டினேன். ஆஸ்பத்திரிக்குப் போனால் அன்றைக்குப் பேர் இல்லை, பிறகு எப்படி வருவாள் என்று வாய் கிழியப் பேசினேன். அதுவும் பொய்யில்லை. பழி போட எனக்கு ஒரு ஆள் தேவைப்பட்டது.

நாலாம் நாள் பகல், போத்தலில் தேத்தண்ணி வாங்கிக்கொண்டு வார்டுக்குள் நுழைந்தேன். அடுத்த கட்டிலில் ராகலைப் பக்கத்து அக்கா ஒருத்தி துணிமணியைப் பையில் அடுக்கிக்கொண்டிருந்தாள். அவளுக்கும் அதே இரத்தப்போக்கு. மறுநாள் சதை எடுத்துப் பார்ப்பதாகச் சொல்லியிருந்தார்கள். அம்மா அவளிடம் பேசிக்கொண்டிருந்தாள்.

"கேன்சர்னா வெளிய ஒன்னும் தெரியாதாம் தங்கச்சி. எம் மக கேம்பஸ்ல படிச்சிட்டு வந்து சொன்னிச்சு. எனக்கு வெளிய தெரிஞ்சதுனால, அது இல்லைன்னு நானும் நிம்மதியா இருந்தேன். நீங்க பயப்படாம வீட்டுக்குப் போங்க."

அந்த அக்கா என்னைப் பார்த்து, "அப்படியாம்மா?" என்று கேட்டாள். ஆமாம் என்று சொன்னால் அவள் பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறிவிடுவாள். இல்லை என்றால் அம்மாவுக்கு எல்லாம் விளங்கிவிடும்.

"இல்லக்கா, போகாதீங்க," என்றேன். "வெளியவும் தெரியும். இப்படித்தான் தெரியும். நாந்தான் தப்பாச் சொல்லிட்டேன்."

அவள் பையைக் கட்டிலுக்குக் கீழே வைத்தாள். அம்மா என் முகத்தைப் பார்த்தாள். கோபம் இருந்திருந்தால் தாங்கியிருப்பேன்.

"அப்ப நான் பெரட்டுக்குப் பிந்தி வந்துட்டேனா புள்ள?" என்று கேட்டாள்.

ஆமாம்மா என்றேன்.