அல்லித் தண்டில் காணாமல் போன முட்டைகள்

அயனம்பாக்கத்தில் எங்கள் குடியிருப்பை ஒட்டிய பள்ளியில் ஒரு குளம் உண்டு. வார நாட்களில் எனக்குத் தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. சனிக்கிழமைகளில் இயற்கை மன்றத்துப் பிள்ளைகளோடு அந்தக் குளத்தைப் பார்ப்பேன்: ஆடியில் சேற்றைக் கிளறும் கொக்குகள், மழைக்குப் பின் அல்லி, தையில் தும்பிகள்.

போன வருடம் பெற்றோர் சங்கத்தினர், குளம் நாறுகிறது, மூடிவிட்டு அந்த இடத்தில் பள்ளி வேன்களை நிறுத்தலாம் என்றார்கள். அடுத்த கூட்டத்தில் முடிவு. அதற்குள் குளத்தில் என்னென்ன வாழ்கிறது என்று அவர்களுக்குக் காட்டிவிட நினைத்தோம்.

ஐப்பசி மழையில் தேரைகள் இட்ட முட்டைகள் அல்லித் தண்டுகளில் கறுப்பு மணிச்சரமாகச் சுற்றிக் கிடந்தன. அடுத்த சனிக்கிழமை ஒன்றுகூட இல்லை; பொரித்த தலைப்பிரட்டைகளும் இல்லை. தண்டுகள் சுரண்டியதுபோல் வழுவழுத்தன. தண்ணீர் கலங்கியிருந்தது. கரையில் புதிதாகக் குடைந்த வளைகள்.

சந்தேகப்பட வேண்டியவர்களை வரிசைப்படுத்தினேன். கொக்கு: தண்டைச் சுரண்டாது. பிள்ளைகள்: தேரை என்றாலே ஓடுவார்கள். பிளீச்சிங் பவுடர்: சோதித்தேன், இல்லை. மிச்சம், குளத்தை மூட நினைக்கும் யாரோ.

காவலாளியிடம் கேட்டேன்.

"உங்க எச்.எம். மேடம்தான் சாயங்காலம் பக்கெட்டை மூடி எடுத்துகினு வந்துச்சு. இன்னா ஊத்துச்சோ! நமக்கு இன்னாத்துக்கும்மா வம்பு?"

தலைமையாசிரியையா! குளத்துக்காகச் சங்கத்தோடு மல்லுக்கட்டுகிறவர் என்றல்லவா நம்பியிருந்தேன். அதுவும் நடிப்போ? நேரே அவர் அறைக்குப் போனேன்.

"மேடம், குளத்துல என்ன ஊத்துனீங்க?"

"ஊத்தலம்மா, மீன் விட்டேன். எங்க வீட்டுத் தொட்டியில இருந்த டேங்க் கிளீனர், மூணு. கண்ணாடியைப் பளிங்கு மாதிரி வச்சிருந்துச்சு. கூட்டத்துக்குள்ள குளத்தையும் சுத்தம் பண்ணிடும்னு பாத்தேன்."

"அது பாசியோட சேத்து முட்டையையும் தின்னுடும் மேடம். கரையைக் குடைஞ்சு தண்ணியையும் கலக்கிடும்."

அவர் கையிலிருந்த பேனாவை மெல்ல வைத்தார். "அப்ப மூடறதுக்கு நானே வழி பண்ணிட்டேனா?"

வலை போட்டோம். இரண்டு சிக்கின. கவசமும் முள்ளுமாக ஒன்றைத் தூக்கியதும் காவலாளி பின்வாங்கினார். "இத்தயா மேடம் ஊட்ல வச்சி வளத்தீங்க?"

கூட்டத்தில் தலைமையாசிரியை தானே எழுந்தார். "கலங்கலுக்குக் காரணம் நான்தான். சித்திரையில தண்ணி வத்தும்போது மூணாவதையும் புடிச்சிடறோம். அதுவரைக்கும் குளத்தைத் தொடாதீங்க." முணுமுணுத்துக்கொண்டே ஒப்புக்கொண்டார்கள்.

வெளியே வந்தேன். வேன்காரர் ஒருவர் கரையோரம் காலடி வைத்து நீளம் அளந்துகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் நின்றார்.

"சும்மாதாம்மா, காத்து வாங்கினுகீறேன்."