ஒத்தீலியா கலக்கிய கல்யாண மார்கரீட்டா

எல்லையோர ஊரான எல் பாசோவில் எங்கள் தெருவுக்கு ஒத்தீலியா பர்ராசா குடிவந்தபோது அவள் மகன் லிசாந்த்ரோ கைக்குழந்தை. எனக்கும் அவளுக்கும் நடுவில் ஒரு கம்பிவேலிதான். அந்தக் குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுத்தபோது ஏந்தி நின்றவள் நான். அதனால் நாங்கள் ஒருவரையொருவர் 'கொமாத்ரே' என்றுதான் கூப்பிட்டுக்கொள்வோம். என் பெயர் ரெஃபூஹியோ. தெருவுக்கு நான் கூக்கா. பள்ளிப் பேருந்து ஓட்டுகிறேன்.

ஒத்தீலியா ஆற்றுக்கு அந்தப் பக்கத்து நாட்டில் தெலீசியாஸ் ஊர்க்காரி. இருபத்தேழு வருஷத்துக்கு முன் ஒரு பிப்ரவரியில், இருபத்திரண்டு வயதில், செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு முழங்கால் தண்ணீரில் எல்லை ஆற்றைக் கடந்து இந்தப் பக்கம் ஏறினாள். ஏறியது பெரிய காரியமாகத் தெரியவில்லை என்பாள். ஏறிய பிறகுதான் தெரிந்தது. தெற்கே போனால் திரும்பி வர முடியாது. மற்ற மூன்று திசையிலும் எந்தச் சாலையைப் பிடித்தாலும் ஒன்றரை மணி நேரத்துக்குள் ஒரு குடியேற்றச் சோதனைச் சாவடி வந்துவிடும். எல்லைக்காவல் பச்சைச் சட்டைக்காரர் குனிந்து, 'இந்த நாட்டுப் பிரஜைதானே?' என்று கேட்பார். எனக்கு அது ஒரு தலையாட்டலோடு முடிந்துவிடும். காகிதம் இல்லாத அவளுக்கு முடியாது. ஆகவே ஆற்றுக்கும் சாவடிக்கும் நடுவில் உள்ள நிலத்தில்தான் அவள் சமைத்தாள், வீடு துடைத்தாள், பிள்ளை வளர்த்தாள்.

கணவன் கூரை வேலைக்காரன். ஒருநாள் வேலைக்குப் போன வண்டியோடு பிடிபட்டு அந்தப் பக்கம் அனுப்பப்பட்டான். இரண்டு வருஷம் போன் வந்தது. பிறகு அங்கே அவனுக்கு வேறு குடும்பம் வந்தது. நாலு வருஷத்துக்கு முன் தெலீசியாஸில் அவள் அம்மா இறந்தபோது, அடக்கத்தை என் சமையலறை மேஜையில் போனைச் சர்க்கரை டப்பாவில் சாய்த்து வைத்துப் பார்த்தாள். நடுவில் படம் நின்றுவிட்டது. திரும்பி வந்தபோது மண் போட்டு முடித்திருந்தார்கள்.

லிசாந்த்ரோவுக்கு இருபத்தொன்று ஆனதும் வக்கீலிடம் போனோம். பையன் இங்கே பிறந்தவன், அம்மாவுக்காக மனுப் போடலாமே என்று நினைத்தோம். அவர் காகிதங்களைப் புரட்டிவிட்டு, "வாசல் வழியா வந்திருந்தா இன்னிக்கே போடலாம்மா. ஆத்து வழியா வந்துட்டீங்க. இப்ப அந்தப் பக்கம் போயி, பத்து வருஷம் இருந்துட்டு, அங்கிருந்து கேக்கணும்" என்றார். பேருந்தில் திரும்பும்போது ஒத்தீலியா ஒரே ஒரு வார்த்தைதான் பேசினாள். "பத்து."

மார்கரீட்டா என்ற மதுக்கலவை அவளுக்குக் கைவந்தது ஒரு சாப்பாட்டுக்கடையில். பாத்திரம் கழுவப் போனவள். ஒரு வருஷக் கடைசி நாளில் மதுக் கலக்குபவன் முதலாளியோடு சண்டை போட்டுப் பாதியில் போய்விட, நீ நில் என்று இவளை நிறுத்தினார்கள். மார்கரீட்டா தங்கள் ஊரில்தான் பிறந்தது என்று ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஹுவாரெஸ்காரர்கள் சத்தியம் செய்வார்கள். இந்தப் பக்கத்தில் கோடைக்கும் அதுதான், குளிருக்கும் அதுதான். ஆனால் குளிர்காலத்துக்கென்று தனியாக ஒன்றை ஒத்தீலியா செய்தாள். கமலா ஆரஞ்சு வந்த பிறகு ஆரம்பித்து, அது தீர்ந்ததும் நிறுத்திவிடுவாள். மார்ச்சில் போய்க் கேட்டால் முறைப்பாள்.

லிசாந்த்ரோ மின்வேலை படித்து, வடக்கே நாலு மணி நேரத் தொலைவில் ஆல்புகெர்க்கேயில் வேலைக்கு அமர்ந்தான். அங்கேயே ஜோலின் பாக்கா என்ற பெண்ணைப் பிடித்துப்போயிற்று. கல்யாணத்தை இங்கே வைக்கத்தான் அவன் ஆசைப்பட்டான். ஆனால் பெண்ணின் அப்பாவுக்குச் சிறுநீரகம் போய், வாரம் மூன்று நாள் ரத்தச் சுத்திகரிப்பு. அவரால் பயணம் முடியாது. ஒரு பக்கம் அப்பாவால் வர முடியாது, மறுபக்கம் அம்மாவால் போக முடியாது.

நவம்பரில் அவன் வந்து இதைச் சொன்னபோது நானும் அந்தச் சமையலறையில் இருந்தேன். ஒத்தீலியா யோசிக்கக்கூட இல்லை.

"அங்கயே நடக்கட்டும். சீக்காளி மனுஷன அலைக்கழிக்காதீங்க. என் சார்பா மார்கரீட்டா வரும்."

"அம்மா, கோயில் வாசல்ல நான் மார்கரீட்டாவையா கட்டிப்பிடிக்கிறது?"

"சிந்தாம கட்டிப்பிடி."

அவன் சிரிக்கவில்லை. வெளியே போய் வண்டிக்குள் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு வந்தான்.

ஜனவரி இரண்டாவது சனிக்கிழமை கல்யாணம். வெள்ளிக்கிழமை பள்ளி விட்டதும் நான் என் பிக்கப் வண்டியில் சரக்கை ஏற்றிப் போவது என்று ஏற்பாடு. வியாழன் மதியம் அவள் வீட்டுக்குப் போனேன். பெரிய பானையில் ஹமைக்கா இதழ்கள் கொதித்துக்கொண்டிருந்தன. காய்ந்த சிவப்பு இதழ், நல்ல புளிப்பு. கூடவே பட்டையும் ஒரு கட்டி வெல்லமும். வீடு முழுக்க மணம். அடுப்பை அணைத்து, பானையைத் தூக்கிப் பின்சுவர்மேல் வைத்தாள். எங்கள் ஜனவரிக் காற்று ஒரு மணி நேரத்தில் அதைச் சில்லிட வைத்துவிடும்.

"ஃப்ரிட்ஜ் எதுக்குடீ இருக்கு?"

"அதுக்குள்ள வெங்காயம் இருக்கு. நாத்தம் ஏறும்."

கமலாக்களை இருவரும் பிழிந்தோம். இரண்டு பங்கு டெக்கீலா, ஒரு பங்கு ஆரஞ்சு மது, ஒரு பங்கு சாறு; அதன் தலையில் ஆறின ஹமைக்கா நீர், நிறம் மாதுளை முத்துப்போல் வரும்வரை. கமலாத் தோலை உலர்த்தி இடித்து, உப்போடும் மிளகாய்த்தூளோடும் கலந்து ஒரு டப்பாவில் தனியாக வைத்தாள்; கோப்பை விளிம்புக்கு. எட்டுப் பெரிய ஜாடிகள் நிறைந்தன. நான் மூடப்போனேன். கையைத் தட்டிவிட்டாள்.

"இன்னும் முடியல. எலுமிச்சை பாக்கி."

"புழியேன்."

"இப்பப் புழிஞ்சா நாளன்னிக்குக் கசக்கும். ஊத்துறதுக்கு முன்னாடிதான் புழியணும். ஜாடிக்குப் பத்துப் பழம். நீதான் புழியணும்." என்னைப் பார்த்தாள். "நீ தோலோட சேத்து நசுக்குவ."

"நசுக்க மாட்டேன்."

"நசுக்குவ கொமாத்ரே. உன் கை பஸ் ஓட்டுற கை."

இதைச் சொல்லிவிட்டு எலுமிச்சைப் பையை என் மடியில் வைத்தாள். உடனே அதைத் திரும்ப எடுத்துக்கொண்டாள். பிறகு மறுபடி வைத்தாள். அப்போதுதான் அவளுக்கு எவ்வளவு போக ஆசை என்று எனக்குத் தெரிந்தது.

வெள்ளிக்கிழமை விடியும்போது பனி. எங்கள் ஊரில் எப்போதாவது விழும். விழுந்தால் ஊரே நின்றுவிடும். பள்ளிக்கு விடுமுறை. எட்டு மணிக்கு என் கணவரின் தம்பி பிராக்செதீஸ் போன் செய்தார். சரக்கு லாரி ஓட்டுகிறவர்.

"அண்ணி, இப்பத்தான் வடக்க போற வழியில தாண்டினேன். சாவடியில ஈ காக்கா இல்ல. கூம்பு வச்சு மூடிட்டுப் போயிட்டாங்க, வண்டியெல்லாம் நிக்காம நேராப் போகுது. உங்க சினேகிதி இருக்காங்களே..."

அவர் முடிக்கும் முன் நான் வேலி தாண்டி ஓடினேன். ஒத்தீலியா கேட்டுவிட்டு உள்ளே போனாள். பத்து நிமிஷத்தில் வந்தாள். கோட்டுக்குள் கருஞ்சிவப்பில் ஒரு உடை. புதிது. தானே தைத்தது. எப்போது தைத்தாய் என்று நான் கேட்கவில்லை.

சாவடிக்கு இந்தப் பக்கம் உள்ள லாஸ் க்ரூசஸைத் தாண்டினோம். பின்னால் ஜாடிகள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டே வந்தன. சாவடிக்கு முன்னால் நெடுஞ்சாலையை விட்டு இறங்கும் கடைசி வழியில் ஒரு பெட்ரோல் நிலையம் உண்டு. அங்கே நிறுத்தச் சொன்னாள்.

"உன் கொழுந்தன் பாத்து ரெண்டு மணி நேரம் ஆச்சு. நீ மட்டும் போய்ப் பாத்துட்டு வா."

அதுவும் சரிதான். தெற்கு நோக்கி வருகிறவர்களை அங்கே யாரும் நிறுத்துவதில்லை. அவளைக் கடைக்குள் ஒரு காப்பியோடு மேஜையில் உட்காரவைத்துவிட்டுப் போனேன். பிராக்செதீஸ் சொன்னபடியேதான் இருந்தது. கூம்புகளின் தலையில் பனித் தொப்பி. விளக்கு இல்லை, ஆள் இல்லை, மோப்ப நாய் இல்லை. கண்ணாடியை இறக்கிவிட்டு அந்தச் சாவடிக் கூரையைக் கடந்தேன். வண்டியைத் திருப்ப அடுத்த வழி பதின்மூன்று மைல் தள்ளி. அங்கே திரும்பி வர முக்கால் மணி நேரம் ஆகிவிட்டது.

"கதவு பப்பரப்பான்னு தொறந்து கெடக்கு. எந்திரி."

அவள் எழவில்லை. காப்பி அப்படியே இருந்தது. இரண்டு கையாலும் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"கொமாத்ரே, எந்திரி."

"வரேன்."

"எப்ப வருவ?"

"காலு வரலடீ." குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. "நான் வரேன்னுதான் சொல்றேன். காலு வரல. கொஞ்சம் இரு."

நான் எதிரே உட்கார்ந்தேன். லிசாந்த்ரோ பேரைச் சொன்னேன். கோயிலைச் சொன்னேன். எலுமிச்சையை நசுக்கிவிடுவேன் என்று பயமுறுத்தினேன். லேசாகச் சிரித்தாள், கை விடவில்லை. திட்டியும் பார்த்தேன். "இருவத்தேழு வருஷம் எதுக்குடீ அழுத?" என்றேன். அதைச் சொல்லியிருக்கக் கூடாது. பனி விட்டுவிட்டது. கண்ணாடிக்கு வெளியே வெயில் பளீரென்று வந்தது. இருபது நிமிஷம் போயிருக்கும். பிறகு மேஜையிலிருந்து ஒரு கையை எடுத்தாள், அப்புறம் இன்னொன்றை. எழுந்து நின்று கோட்டுப் பொத்தானைப் போட்டாள்.

"போலாம்" என்றாள்.

கதவு திறந்து பச்சைச் சட்டைக்காரர்கள் இரண்டு பேர் பூட்ஸ் பனியை உதறிக்கொண்டு உள்ளே வந்தார்கள். ஒருவன் இளைஞன், லிசாந்த்ரோ வயதுதான். அவளுக்காகக் கதவைப் பிடித்துக்கொண்டு, "காலை வணக்கம் சென்யோரா, பாத்து, வெளிய வழுக்குது" என்று எங்கள் மொழியிலேயே சொன்னான். இன்னொருவன் கல்லாவில் நின்ற பெண்ணிடம், "ரெண்டு காப்பி. ரோடு சரியாயிடுச்சு, சாவடியத் தொறக்கப் போறோம்" என்றான்.

ஒத்தீலியா அந்த இளைஞனுக்கு நன்றி சொல்லிவிட்டு வெளியே நடந்தாள். நேராக நடந்தாள். வண்டியின் மறைவுக்குப் போனதும் சக்கரத்தில் கைவைத்துக் குனிந்து வாந்தி எடுத்தாள். வாயைத் துடைத்துக்கொண்டு, எலுமிச்சைப் பையை இருக்கையிலிருந்து எடுத்துப் பழங்களை ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தாள்.

"குளிருல கெட்டியாயிருக்கு. புழியறதுக்கு முன்னாடி மேஜையில வச்சு உருட்டு. தோல நசுக்காத."

லாஸ் க்ரூசஸில் இருக்கும் என் அக்கா மகளை வரச்சொல்லி ஒத்தீலியாவை ஒப்படைத்துவிட்டு, நான் மட்டும் வடக்கே போனேன். சாவடியில் விளக்குகள் எரிந்தன. அதே இளைஞன்தான் குனிந்தான். பின்னால் இருந்த ஜாடிகளைப் பார்த்து, "கல்யாணமா?" என்றான். ஆமாம் என்றேன்.

மறுநாள் கோயிலில் முதல் வரிசையில் ஓர் இடம் காலியாக விட்டிருந்தார்கள். விருந்து மண்டபத்துச் சமையலறையில் நான் எலுமிச்சை பிழிந்தேன்; எதிரே போனில் ஒத்தீலியா. கருஞ்சிவப்பு உடையை மாட்டிக்கொண்டு, தலை வாரி, காதில் கம்மல் போட்டு, தன் சமையலறையில் உட்கார்ந்து என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "போதும், போதும், அடுத்தது" என்று ஒவ்வொரு பழத்துக்கும் அதட்டினாள். லிசாந்த்ரோ வந்து எதிரே இருந்த போனை எடுத்துக்கொண்டு சரக்கறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. வெளியே எட்டு ஜாடியும் ஒரு மணி நேரத்தில் தீர்ந்தன. தண்ணீரையே அளந்து குடிக்க வேண்டிய பெண்ணின் அப்பா, விளிம்பு உப்பைத் துடைத்துவிட்டு ஒரே ஒரு மடக்கு வாங்கி, வாயிலேயே வெகுநேரம் வைத்திருந்தார்.

பெட்ரோல் நிலையத்தில் போன அந்த இருபது நிமிஷத்தைப் பற்றி நான் வாய் திறக்கவில்லை. அவள்தான் ஈஸ்டர் வாரத்தில், துணி காயப்போட்டுக்கொண்டே, கேட்காமலே சொன்னாள்: "வழி பூட்டியிருந்தப்ப எல்லாம் நான் தைரியசாலின்னு நெனச்சிட்டிருந்தேன் கொமாத்ரே." அடுத்த துணியை எடுத்து உதறினாள்.

பெண்ணின் அப்பா கோடையில் இறந்தார். அக்டோபரில் லிசாந்த்ரோ வந்து, லாஸ் க்ரூசஸில் வேலை கிடைத்துவிட்டது, வீடும் பார்த்தாயிற்று, சாவடிக்கு இந்தப் பக்கமே வந்துவிடுகிறோம் என்றான். ஒத்தீலியா சந்தோஷப்படுவாள் என்று அவனும் நினைத்தான், நானும் நினைத்தேன். அவள் கையிலிருந்த கரண்டியை வீசி எறிந்தாள்.

"நான் ஒருத்தி மாட்டிக்கிட்டு கெடக்கறது பத்தலயா? உன்னையும் உள்ள இழுத்துப் போட்டுக்கவா பெத்தேன்?"

"எனக்கு அது வெறும் ஊருதாம்மா. நான் நெனச்சா நாளைக்கே போவேன்."

"அப்ப போ! போய்க் காட்டு!"

அவன் கரண்டியை எடுத்துக் கழுவி அடுப்பருகே வைத்தான். ஆறு மாதக் கர்ப்பிணியான ஜோலின் வாசலிலேயே நின்றிருந்தாள். அவளுக்கு எங்கள் மொழி பாதிதான் புரியும். ஆனால் இது புரிந்தது. உள்ளே வந்து, ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டாள்.

ஒத்தீலியா மூன்று வாரம் அந்தப் புது வீட்டுக்குப் போகவில்லை. நாலாவது வாரம் ஞாயிற்றுக்கிழமை, நான் கூட்டிப்போகிறேன் என்று சொல்லியும் கேளாமல், பேருந்தில் போனாள். கூடையில் நாலைந்து கமலா வைத்திருந்தாள். மாலை திரும்பி வந்ததும் வேலியருகே நின்று, "சமையலறை ஜன்னல் வடக்கப் பாத்திருக்கு. நல்ல காத்து வருது" என்று மட்டும் சொல்லிவிட்டு, விளக்கைப் போட உள்ளே போனாள்.