தம்பியைப் பார்க்கப் போன நாள்

பெண் குழந்தைகளுக்கான ஓர் இல்லத்தில் ஒன்பது வருஷம் மனநல ஆலோசகராக இருந்தேன். பிள்ளையார்பாளையம் தாண்டி, ஊர் முடிகிற இடத்தில் இருந்தது அது. வீட்டில் அடிபட்டவர்கள், பட்டினி கிடந்தவர்கள், வெளியே சொல்ல முடியாத கொடுமைக்கு ஆளானவர்கள் அங்கே தங்கிப் படித்தார்கள். அவர்களைத் தேற்றுவது என் வேலை. பெரும்பாலும் கூட உட்கார்ந்து பேசுவேன், படம் வரையச் சொல்வேன், ஆத்திரத்தில் கடிக்க வந்தால் கையைப் பிடித்துக்கொள்வேன். அந்த வருஷங்களில் நான் மிக நன்றாகக் குணப்படுத்தியதாக எல்லோரும் சொன்ன ஒரு பெண்ணைப் பற்றித்தான் இப்போது எழுதுகிறேன்.

அவளுக்கு அப்போது பதினொரு வயது. கூடவே ஐந்து வயதில் ஒரு தம்பி. அவன் பிறந்த மறுவருஷமே அம்மா இறந்துபோனாள். அப்பா பட்டு நூலுக்குச் சாயம் போடும் பட்டறையில் வேலை பார்த்தார். குடித்தால் அடிப்பார். சில சமயம் பிள்ளைகளை உள்ளே வைத்து வீட்டைப் பூட்டிக்கொண்டு போய், இரண்டு நாள் கழித்துத்தான் வருவார். அடி விழும்போது அவள் தம்பிமேல் கவிழ்ந்து படுத்துக்கொள்வாள். அதனால் அவன் உடம்பில் ஒரு கீறல்கூட இல்லை. அவள் முதுகைப் பார்த்த எங்கள் இல்லத்து நர்ஸ், மருந்துத் தட்டை அப்படியே வைத்துவிட்டு வராந்தாவில் போய்க் கொஞ்ச நேரம் நின்றார். பூட்டிய வீட்டுக்குள்ளிருந்து மூன்றாவது நாளும் அவள் தம்பியைச் சமாதானப்படுத்தும் குரல் கேட்டதால், பக்கத்து வீட்டுப் பெண்மணி குழந்தைகள் உதவி எண்ணுக்குப் போன் செய்து தகவல் சொல்லியிருக்கிறார். அப்படித்தான் இரண்டு பேரும் எங்களிடம் வந்தார்கள்.

எங்கள் இல்லத்தில் ஆண் பிள்ளைகளை வைத்துக்கொள்ள அனுமதி இல்லை. நான்காம் நாள் செங்கல்பட்டுப் பக்கத்திலிருந்த பையன்கள் இல்லத்திலிருந்து அவனை அழைத்துப் போக வந்தார்கள். அவள் அழவில்லை. வந்தவரிடம் படபடவென்று சொல்லிக்கொண்டே இருந்தாள்.

"ஜட்டிய முன்னாடி பின்னாடி மாத்திப் போட்டுக்குவான் சார். பார்த்து விடணும். ரசம்னா சாப்டுவான். கொயம்பு ஊத்தாதீங்க, காரம்னு அழுவான். இடி இடிச்சா ரெண்டு காதையும் நீங்கதான் பொத்தணும். அவன் பொத்திக்கினா பத்தாது."

அவர் சரி, சரி என்று தலையாட்டினார். எதையும் எழுதிக்கொள்ளவில்லை. நானும் எழுதிக் கொடுக்கவில்லை.

வண்டி போன பிறகு ஆரம்பித்தது. பக்கத்துப் படுக்கைப் பெண்ணைக் கடித்தாள். வார்டன் அம்மாவின் கையைக் கீறினாள். பள்ளிக்கூடத்திலிருந்து இரண்டு முறை ஓடினாள். சாப்பாட்டுத் தட்டு வந்ததும் சோற்றை விரலால் இரண்டாகப் பிரிப்பாள். ஒரு பாதியைத்தான் சாப்பிடுவாள். மீதியை யார் சொன்னாலும் தொடமாட்டாள்.

நான் படித்ததை வைத்து அவளுக்கு எடுத்துச் சொன்னேன். "நீ அவனுக்கு அம்மா இல்லம்மா. நீயும் சின்னப் பொண்ணுதான். உன் வயசுப் பொண்ணுங்க மாதிரி நீ விளையாடணும். அவனைப் பார்த்துக்க அங்க ஆளுங்க இருக்காங்க."

"அவங்களுக்கு அவனைத் தெரியாதே மிஸ்" என்றாள்.

மாதத்தின் இரண்டாவது சனிக்கிழமை அவளைத் தம்பியிடம் அழைத்துப் போக ஏற்பாடு செய்திருந்தோம். மூன்று மாதம் நடந்தது. ஒவ்வொரு முறையும் கிளம்பும்போது அவன் அவள் பாவாடையைப் பிடித்துக்கொண்டு கதறுவான். பிறகு ஒரு வாரம் படுக்கையை நனைப்பான், சாப்பிடமாட்டான். அந்த இல்லத்தின் ஆலோசகர் எனக்குப் போன் செய்தார்.

"பையன் செட்டில் ஆகவே மாட்றான் மேடம். கொஞ்ச நாளைக்கு நிறுத்தி வைக்கலாமா?"

எனக்கும் அது சரியென்றே பட்டது. இரண்டு பேரும் புது இடத்தில் வேர் பிடிக்கட்டும் என்று நினைத்தேன். அந்தக் கொஞ்ச நாள் எட்டு மாதமாக நீண்டது. அவளிடம் உண்மையைச் சொல்லாமல் ஒவ்வொரு முறையும் ஒரு காரணம் சொன்னேன். வண்டி இல்லை, அவனுக்குக் காய்ச்சல், அங்கே பரீட்சை. இரண்டாவது சனிக்கிழமைகளில் அவள் காலையிலேயே தலை பின்னி, ரிப்பன் கட்டி, கேட் பக்கத்தில் வந்து நிற்பாள். நான் போய்ச் சொல்வேன். திரும்பி உள்ளே போவாள். அன்றைக்கு யாராவது ஒருத்தி கடிபடுவாள்.

கடைசியில் நானே மனம் கேட்காமல் அவளைப் பஸ்ஸில் அழைத்துக்கொண்டு போனேன். வாரா வாரம் கொடுத்த பிஸ்கட்டுகளில் பாதியைச் சேர்த்து ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் வைத்திருந்தாள். பழசெல்லாம் நமத்துப் போயிருந்தது. வழியெல்லாம் அதை மடியிலேயே வைத்திருந்தாள்.

பையன்கள் மைதானத்தில் விளையாடிக்கொண்டிருந்தார்கள். அவன் வளர்ந்திருந்தான். முடியை ஒட்ட வெட்டியிருந்தார்கள். கூப்பிட்டதும் வந்தான். அவளைப் பார்த்ததும் இரண்டடி தள்ளி நின்றுவிட்டான்.

"டேய், நான்தான்டா" என்றாள்.

"தெரியும்."

"கிட்ட வாடா."

"நீ ஏன் என்ன வுட்டுட்டு போன? நா எவ்ளோ கூப்ட்டேன்."

அவள் டப்பாவை நீட்டினாள். அவன் வாங்கவில்லை. "நீ எனக்கு வேணாம். போ" என்று சொல்லிவிட்டு மைதானத்துக்கு ஓடிப்போனான்.

எங்களுக்கு ஒரு மணி நேரம் கொடுத்திருந்தார்கள். அந்த ஒரு மணி நேரமும் அவள் பெஞ்சில் உட்கார்ந்து அவன் விளையாடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் ஒரு தடவைகூடத் திரும்பவில்லை. நான் போய் அவனிடம் பேசியிருக்க வேண்டும். உன் அக்கா உன்னை விடவில்லை, நாங்கள்தான் வர விடவில்லை என்று சொல்லியிருக்க வேண்டும். அதை அவள் எதிரில் சொன்னால் எட்டு மாதப் பொய்யும் வெளியே வந்துவிடும். நான் எழுந்திருக்கவில்லை.

திரும்பும் பஸ்ஸில் அவளாகவே பேசினாள். "நல்லாத்தான் இருக்கான் மிஸ். சதை போட்டுக்கினு இருக்கான்." எனக்கு நிம்மதியாக இருந்தது. "பார்த்தியா, நான் சொன்னேன் இல்ல" என்றேன்.

அன்று சாயங்காலம் அவள் தட்டில் சோற்றைப் பிரிக்கவில்லை. முழுவதையும் சாப்பிட்டாள். அடுத்த நாளிலிருந்து யாரையும் கடிக்கவில்லை. ஓடவில்லை. சொன்ன நேரத்தில் எழுந்தாள், சொன்ன நேரத்தில் படித்தாள். அவளுடைய கோப்பில் "மிக நல்ல முன்னேற்றம்" என்று என் கையால் எழுதினேன். மாதக் கூட்டத்தில் கைதட்டினார்கள். வேறு இல்லங்களிலிருந்து பயிற்சிக்கு வந்தவர்களிடம் அவள் கதையைப் பெருமையாகச் சொன்னேன்.

ஏறக்குறைய ஒரு வருஷம் கழித்துத்தான் எனக்கு உறைத்தது. புதிதாக நான்கு வயதுக் குழந்தை ஒன்று வந்திருந்தது. அழுதுகொண்டே போய் இவள் இடுப்பைக் கட்டிக்கொண்டது. இவள் கோபப்படவில்லை. அந்தக் குழந்தையின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். "மிஸ்கிட்ட போ" என்றாள். பிறகு புத்தகத்தை எடுத்துக்கொண்டு நகர்ந்துவிட்டாள். அந்த முகத்தில் எதுவுமே இல்லை. நான் குணப்படுத்தியது எதை என்று அப்போது தெரிந்தது.

"அடுத்த மாசம் தம்பியைப் பார்க்கப் போலாமா?" என்று கேட்டேன்.

"வேணாம் மிஸ். அவன் அழுவான்."

இன்னொரு முறை கேட்டேன். அதே பதில். அதற்குமேல் வற்புறுத்தவில்லை. என்னிடம் அப்போது முப்பது பிள்ளைகள் இருந்தார்கள்; தொந்தரவு தராத பிள்ளை அவள் ஒருத்திதான்.

அவள் பத்தாம் வகுப்புப் படிக்கும்போது பையன்கள் இல்லத்திலிருந்து போன் வந்தது. தம்பி அங்கிருந்து ஓடிவிட்டான். பத்து வயது. பள்ளிக்கூடம் விட்டு இல்லத்துக்குத் திரும்பவில்லை. போலீஸில் புகார் கொடுத்திருப்பதாகச் சொன்னார்கள். பொதுத்தேர்வுக்கு மூன்று மாதம் இருந்தது. தேர்வு முடியட்டும் என்று நினைத்தேன். தேர்வு முடிந்ததும், ரிசல்ட் வரட்டும் என்று நினைத்தேன். நல்ல மதிப்பெண். எல்லோருக்கும் சாக்லெட் கொடுத்தாள். அன்றும் சொல்லவில்லை. அடுத்த வருஷம் அந்த வேலையை விட்டுவிட்டு ஒரு பள்ளிக்கூடத்தில் சேர்ந்தேன்.

போன வருஷம் ஒரு நாள் காலை, ஸ்ரீபெரும்புதூர் போகும் கம்பெனி பஸ்ஸுக்காக நின்றிருந்த பெண்களிடையே அவளைப் பார்த்தேன். கழுத்தில் அடையாள அட்டை. அவளாகவே வந்து பேசினாள்.

"நல்லா இருக்கீங்களா மிஸ்?"

எங்கே தங்கியிருக்கிறாள், என்ன வேலை என்று கேட்டேன். ஒழுங்காகப் பதில் சொன்னாள். பிறகு சாலையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"பதினெட்டு முடிஞ்சி வெளிய வந்த அன்னிக்கே அவனைப் பார்க்க போனேன் மிஸ். ஓடிப்போயி ரெண்டு வருஷம் ஆவுதுன்னாங்க. உங்களுக்குத் தெரியாதா?"

தெரியாது என்று சொல்லிவிட முடியும். வாயைத் திறந்தேன்.

"தெரியும்மா."

அவள் தலையை மட்டும் ஆட்டினாள். கத்தியிருந்தால், முன்போலக் கடித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

"அப்பவே சொல்லியிருந்தா தேடியிருப்பேன் மிஸ். எனக்குன்னா அவன் எங்க போவான்னு தெரியும். இப்ப பெரியவனாயிட்டிருப்பான். இப்ப தெரியாது."

பஸ் வந்தது. "வரேன் மிஸ்" என்று ஏறிக்கொண்டாள். கை காட்டவில்லை.

அடுத்த வாரம் நான் பையன்கள் இல்லத்துக்குப் போனேன். பழைய ஆட்கள் யாரும் இல்லை. கோப்பில் அவனுடைய ஒன்பது வயதுப் படம் ஒன்று இருந்தது. கேட்டுக் கெஞ்சி அதைப் போனில் படம் பிடித்துக்கொண்டேன். அவள் நம்பரைத் தேடிக் கண்டுபிடித்து அனுப்பினேன். மன்னித்துக்கொள் என்று எழுதி, அழித்து, மறுபடி எழுதி, அதையும் அனுப்பினேன். இரண்டையும் அவள் பார்த்துவிட்டாள் என்று போன் காட்டியது. இதுவரை பதில் வரவில்லை.