தண்ணீர்க் குழுவின் அட்மின்

வளைகுடாவுக்கு வந்த புதிதில் என்னைத் திகைக்க வைத்தது வெயில் அல்ல. ராஜபாளையத்தானுக்கு வெயில் சொந்தக்காரன் மாதிரி. வீடியோ அழைப்புதான். மனைவி செல்வியை வாட்ஸ்அப்பில் கூப்பிட்டால் மணி அடிக்கும், எடுப்பாள், குரல் மட்டும் வராது. இந்த நாட்டில் அதற்குத் தடை. சில இணையப் பக்கங்களைத் திறந்தாலும் 'அனுமதி இல்லை' என்று ஓர் அறிவிப்பு வந்து நிற்கும். யாரைக் கேட்டு மூடினார்கள் என்று ஆறு வருடமாகப் புலம்பிக்கொண்டிருக்கிறேன்.

அப்படிப்பட்ட நான்தான் ஊரில் எங்கள் தெரு வாட்ஸ்அப் குழுவின் அட்மின். எங்களுக்கு நகராட்சித் தண்ணீர் சில நாட்களுக்கு ஒருமுறைதான் வரும். எந்த நேரத்தில் என்று தெரியாது. குழாயில் முதலில் சத்தம் கேட்பவர் 'தண்ணி வந்தாச்சு' என்று போட வேண்டும். அதற்காகவே விடுமுறையில் போனபோது குழுவைத் தொடங்கினேன். நாளடைவில் காலை வணக்கம், சாமி படம், கட்சிச் சண்டை எல்லாம் வந்து ஒட்டிக்கொண்டன. போன மாதம் எதிர்வீட்டு மாரியம்மாள் மதினி, பஞ்சாலையில் வேலை பார்ப்பவர், 'தண்ணி ஒரு மாதிரி வீச்சமடிக்கு' என்று எழுதினார். உடனே கவுன்சிலரின் ஆட்கள் ஒரு பக்கம், எதிர்க்கட்சி ஒரு பக்கம் என்று வசவு கிளம்பிவிட்டது. எரிச்சலில் எல்லாவற்றையும் அழித்தேன், மதினி எழுதியதையும் சேர்த்து. இனி முனைக் கடைக்காரர் மட்டும் தண்ணீர்ச் செய்தி போட்டால் போதும் என்று மற்றவர்கள் எழுத முடியாதபடி பூட்டினேன். குழு அமைதியானது. எனக்கு ஏகத் திருப்தி.

அப்போது செல்வி ஸ்ரீவில்லிபுத்தூரில் அம்மா வீட்டில் இருந்தாள். அவள் போனைப் பார்ப்பதற்குள் நான் அழித்திருந்தேன். ஊர் திரும்பி அவள் தண்ணீர் பிடித்தபோது வீச்சம் குறைந்திருந்தது. நான்காம் நாள் எங்கள் ஏழு வயது மகளுக்கு வாந்தி பேதி. ராஜபாளையம் ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றினார்கள். செல்வியிடம் ஐஎஸ்டி போட்டுப் பேசினேன்.

"ஏங்க, மதினிக்கு மொதல்லயே தெரிஞ்சிருக்கு. நான் பாத்திருந்தா புள்ளைக்கு அந்தத் தண்ணியக் குடுத்திருப்பேனா? நீங்க அழிச்சுப்புட்டீக."

மகள் கொஞ்சம் தேறியதும் மதினியைக் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டேன். அவர் கோபித்திருந்தால் தாங்கியிருப்பேன்.

"நான் யாரையும் வையல தம்பி. தண்ணி நாறுதுன்னேன், அம்புட்டுதான். வசவை அழி, வேண்டாங்கல. தண்ணியப் பத்தி யாரு என்ன சொன்னாலும் விட்டுரு."

இப்போது பூட்டைத் திறந்துவிட்டேன். மதினியும் ஓர் அட்மின். எதை அழிப்பதானாலும் இருவரும் பேசித்தான் அழிக்கிறோம். சாமி படங்கள் திரும்ப வந்துவிட்டன, கட்சிச் சண்டையும்தான். பல்லைக் கடித்துக்கொண்டு படிக்கிறேன்.

நேற்று அலுவலகத்தில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தபோது போன் அதிர்ந்தது: 'தண்ணி வந்தாச்சு'. நான் டம்ளரை மூக்கருகே கொண்டுபோய் மோந்து பார்த்தேன். உடன் வேலை பார்க்கும் இந்த நாட்டுக்காரர் சலீமின் முகம் வாடிவிட்டது. "எங்கள் தண்ணீர் சுத்தமானது, நண்பா" என்றார். எந்தத் தண்ணீரை மோந்தேன் என்று அவருக்கு எப்படிச் சொல்வேன்?