கடைசிப் பெயர் வரும்வரை

பாபநாசத்தில் ஒரு மாடியறையில், ஊருக்குள் சுற்றும் ஆட்டோவுக்கு மரண அறிவிப்பு பதிந்து தருபவர் அவர். ஒல்லியான ஆள், கழுத்தில் ஹெட்போன். அப்பா இறந்த அன்று காலை, பெயர்களை எழுதி எடுத்துக்கொண்டு நானே போயிருந்தேன்.

படித்துப் பதிந்து, கம்ப்யூட்டரில் பின்னணிக்கு ஷெனாய் சேர்த்தார். பிறகு மவுஸிலிருந்து கையை எடுத்துவிட்டு, மூன்று நிமிட அறிவிப்பை முழுசாக ஓடவிட்டுக் கேட்டுக்கொண்டே ஃபைலாக எடுக்க ஆரம்பித்தார். எனக்கு எரிச்சலாக வந்தது.

"ஆட்டோ கீழ நிக்குதுண்ணே. பத்து செகண்ட்ல எடுக்க முடியாதா?"

"முடியும்மா. ஒரு தடவை அப்படித்தான் கேக்காமலே எடுத்துக் குடுத்தேன். கடைசி வரி அறுந்துபோச்சு. மகனுங்க பேரெல்லாம் வந்துச்சு, மக பேரு மட்டும் வரல. ஆட்டோ ஊரெல்லாம் சுத்திடுச்சு. அந்தப் பொண்ணு இங்க வந்து நின்னுச்சு. ஒரு வார்த்தை திட்டல."

அப்பாவின் பெயர், தெரு, அண்ணன்கள் பெயர் என்று அறிவிப்பு போய்க்கொண்டிருந்தது. ஷெனாய் நின்றதும் திரும்பினார்.

"உங்க பேரு வந்துச்சாம்மா?"

அழுதுகொண்டிருந்ததில் நான் கவனிக்கவில்லை. அவர் காதில் என் பெயர் விழாமலா இருந்திருக்கும்? ஆனாலும் நானே கேட்கட்டும் என்று, மறுபடி முதலிலிருந்து ஓடவிட்டார்.