நாத்தனார் போட்ட மொட்டைப் படம்

என் நாத்தனார் வாட்ஸ்அப்பில் போடாத படமே கிடையாது. காலை வணக்கம் ரோஜா, கருகிய தோசை, கன்று போட்ட பசு, எல்லாம் எங்கள் தெரு குரூப்புக்கு வந்துவிடும்.

ஆடிக் கிருத்திகையன்று திருத்தணி மலைக் கூட்டத்தில் மாமனாரைத் தவறவிட்டோம். பதறிப்போய் என் போனிலிருந்த அவர் படத்தைப் போலீஸ்காரரிடம் காட்டினேன்.

"முடியோட கீறாரேம்மா! இங்க எல்லாருமே மொட்டைதானே?" என்றார். மாமனாரும் அன்று காலைதான் முடி இறக்கியிருந்தார்.

"இருங்க அண்ணி, மொட்டை போட்டதுமே குரூப்ல போட்டுட்டேன்" என்று நாத்தனார் போனைத் திறந்தாள். படத்துக்கடியில், மலைப்படியோரம் கடை வைத்திருக்கும் எங்கள் தெருப் பூக்காரரின் பதில்: "நம்ம நைனாவா இது? யாரோன்னு நெனச்சேன். என் கடையிலதான் குந்திகினு மோர் குடிக்கிறாரு!"

இப்போதெல்லாம் அவளுடைய கருகிய தோசைக்கும் முதல் ஹார்ட் என்னுடையதுதான்.